காது மெஷினோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

காதுக்குப் பின்னால் மாட்டும் ஹியரிங் எய்டு, அறுவை சிகிச்சை செய்து பொருத்திய காக்ளியர் இம்ப்ளான்ட் இவற்றோடு சாதாரணப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சை கிடைப்பது இதற்கு ஒரு பெரிய காரணம். ஆஸ்பத்திரியிலும் தெரபி சென்டரிலும் எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை, நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அந்தக் கருவியை யார் பார்த்துக்கொள்வது? பல வீடுகளில் இதற்குப் பதிலே இல்லை.

என் மகளுக்கு ஒரு காதில் காக்ளியர், மற்றதில் ஹியரிங் எய்டு. தெரபிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற பெற்றோரும், பள்ளியில் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். மேப்பிங் (காக்ளியரைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைப்பது), கருவியின் அளவு, ப்ரோகிராம் போன்றவற்றை உங்கள் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) தான் முடிவு செய்ய வேண்டும். அதில் நான் தலையிடவில்லை.

மெஷின்தான் போட்டாச்சே, அப்புறம் ஏன் கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்கிறான்?

ஆசிரியர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கண்ணாடி போட்டால் கரும்பலகை தெரிந்துவிடுகிற மாதிரி, மெஷின் போட்டால் காது கேட்டுவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் உள்ளே கொண்டுபோகிறது. மிஸ்ஸின் குரலும் வரும், தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியும் வரும், பக்கத்து வகுப்பில் ஒப்பிக்கும் வாய்ப்பாடும் வரும். புதிய கருவிகள் இரைச்சலைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும், எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பிரித்தெடுக்கும் வேலை பெரும்பாலும் பிள்ளையின் மூளைக்குத்தான்.

தூரம் அடுத்த எதிரி. தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 60 டெசிபலாக இருக்கும் குரல் நான்கு மீட்டர் தள்ளி 48 ஆகிவிடும். மூடிய அறையில் எதிரொலி சேர்ந்து அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் ஈடுகட்டலாம், ஆனால் அதே எதிரொலி சொற்களைக் குழப்பியும்விடும். செவித்திறன் குறைந்த பிள்ளைக்குப் பாடம் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், ஆசிரியரின் குரல் வகுப்பின் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்று இந்தத் துறையில் சொல்வார்கள். நம் வகுப்பறைகளில் இது தானாக அமைவதில்லை. அமைத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: கருவி நின்றுபோயிருக்கலாம். பேட்டரி தீர்ந்திருக்கலாம், காதுக்குள் பொருந்தும் மோல்டில் அழுக்கு அடைத்திருக்கலாம், காக்ளியரில் காந்தத்தால் தலையில் ஒட்டும் 'காயில்' (coil) என்ற வட்டின் ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். வெளியே பார்த்தால் மாட்டியது மாட்டியபடிதான் இருக்கும். அதனால் "காதில் இருக்கிறதா?" என்று பார்ப்பது போதாது. "வேலை செய்கிறதா?" என்று தினமும் ஒருவர் சோதித்தாக வேண்டும். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

பள்ளியில் யாரிடம் சொல்லி வைப்பது? எல்லா ஆசிரியருக்கும் சொல்ல வேண்டுமா?

எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். "ஸ்கூல்ல பாத்துக்குவாங்க" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். அது அவர்கள் தவறுமில்லை, நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. தலைமை ஆசிரியரிடம் பேசி, வகுப்பாசிரியரோ ஆர்வமுள்ள வேறு ஒருவரோ, பெயர் சொல்லி ஒருவரை முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அங்கன்வாடியிலும் எல்.கே.ஜி.யிலும் ஆயாம்மாவை விட்டுவிடாதீர்கள். மெஷின் கழன்று விழுவதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான். வேன் ஓட்டும் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பெயர், எந்தக் காதில் எந்தக் கருவி, சரியாக மாட்டியபடி எடுத்த போட்டோ, பேட்டரி எண், எந்த நிற விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், என்ன ஆனால் உடனே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்பவை இருந்தால் போதும். இரண்டு பக்கம் போனால் படிக்க மாட்டார்கள். ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கி, அந்த ஆசிரியர் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "உடைந்துவிடுமோ" என்ற பயம்தான் பலரைத் தொடவிடாமல் தடுக்கிறது. ஒருமுறை தொட்டுவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

தினமும் சோதிக்க வேண்டும் என்கிறீர்கள். எப்படி?

ஆறு ஒலிகள் போதும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். டேனியல் லிங் என்பவர் வகுத்த சோதனை இது. 'ம்' தாழ்ந்த அலைவரிசை, 'ஸ்' மிக உயர்ந்த அலைவரிசை, மற்றவை நடுவில். இந்த ஆறும் கேட்டால் பேச்சுக்குத் தேவையான ஒலிகள் எல்லை முழுவதும் பிள்ளைக்கு எட்டுகின்றன என்று கொள்ளலாம்.

பிள்ளைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ ஒரு மீட்டர் தள்ளி நின்று, வாய் அசைவு தெரியாமல் ஒவ்வொன்றாகச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். முன்னால் நிற்பதாக இருந்தால் ஒரு தாளால் வாயை மறையுங்கள், ஆனால் கையை வாயோடு ஒட்டி அழுத்தாதீர்கள், ஒலியே மாறிவிடும். சின்னப் பிள்ளை என்றால் கேட்டவுடன் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடட்டும். பெரிய பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். வரிசையை நாள்தோறும் மாற்றுங்கள், நடுவே சிறிது நேரம் சும்மாவும் இருங்கள். இல்லையென்றால் தாளம் பிடித்துக்கொண்டு ஊகித்தே சொல்லிவிடுவார்கள். இரண்டு கருவி இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள். ஒன்று செத்துக் கிடந்தாலும் மற்றது அதை மறைத்துவிடும்.

காலையில் வீட்டில் ஒருமுறை, பள்ளியில் முதல் மணி அடிப்பதற்கு முன் ஒருமுறை. பழகிவிட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது. நேற்று வரை 'ஸ்' சொன்ன பிள்ளை இன்று சொல்லவில்லை, நாளைக்கும் சொல்லவில்லை என்றால் மோல்டு, பேட்டரி, காதில் அழுக்கு, சளி என்று பார்த்துவிட்டு ஆடியாலஜிஸ்ட்டைக் கூப்பிடுங்கள்.

ஹியரிங் எய்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஸ்டெத்தோக்ளிப் என்று ஒரு குழாய் கிடைக்கும். அதில் கருவியைப் பொருத்தி நம் காதில் வைத்தால் என்ன கேட்கிறது என்று நாமே அறியலாம். கரகரப்போ விட்டு விட்டுக் கேட்பதோ இருந்தால் உடனே தெரியும். பவர் அதிகமான கருவி என்றால் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் கேளுங்கள். காக்ளியரில் இது நடக்காது, அது காதுக்குள் ஒலியை அனுப்புவதில்லை. சில பிராசசர்களுக்கு (காக்ளியரில் வெளியே மாட்டும் பகுதி) மைக்கை மட்டும் சோதிக்கத் தனி இயர்போன் தருவார்கள்.

வகுப்பில் திடீரென்று "கீ..." என்று விசில் அடிக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஹியரிங் எய்டிலிருந்து வரும் ஒலி காதுக்குள் முழுவதும் போகாமல் வெளியே கசிந்து, மறுபடி மைக்குக்குள் புகுந்தால் அந்த விசில் வரும். மோல்டு சரியாக உட்காராதது முதல் காரணம், எடுத்துத் திருப்பி மாட்டினால் நின்றுவிடும். மாட்டியும் நிற்கவில்லை என்றால் காதில் குறும்பி அடைத்திருக்கலாம், குழாயில் விரிசல் இருக்கலாம், அல்லது காது வளர்ந்து மோல்டு லூஸாகியிருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோல்டு மாற்ற வேண்டியிருக்கும். குழாய் மஞ்சளாகி விறைத்துப்போனால் குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

விசில் அடிக்கிறதே என்று சத்தத்தைக் குறைத்து வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விசில் நின்றுவிடும், பாடமும் நின்றுவிடும்.

பேட்டரி எவ்வளவு நாள் வரும்? பள்ளியில் கொடுத்து வைக்கலாமா?

கொடுத்து வைத்தே ஆக வேண்டும். ஹியரிங் எய்டு செல்லில் நிறத்தைப் பார்த்து அளவு சொல்லிவிடலாம்: 13-ஆம் எண் ஆரஞ்சு, 675 நீலம், 312 பழுப்பு, 10 மஞ்சள். பிள்ளைகளின் கருவியில் பெரும்பாலும் 13 அல்லது 675 தான். 13-ஆம் எண் சுமார் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரும். கருவியின் பவரையும், ப்ளூடூத்தோ ஆசிரியரின் குரலைக் கருவிக்கு அனுப்பும் எஃப்.எம்.மோ ஓடும் நேரத்தையும் பொறுத்து இது குறையும். மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வந்தால் உங்கள் பிள்ளையின் கணக்கு சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

இவை காற்றில் இயங்கும் செல்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் வேலையைத் தொடங்கும். உரித்தவுடன் போடாமல் ஓரிரு நிமிடம் வைத்திருந்து போடுவது நல்லது. ஸ்டிக்கரைத் திருப்பி ஒட்டினால் மிச்சமாகாது, ஆகவே முன்கூட்டி உரித்து வைக்காதீர்கள். கடையில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

காக்ளியர் பிராசசரில் ரீசார்ஜ் பேட்டரியும் உண்டு, 675 செல் போடும் வகையும் உண்டு. காக்ளியருக்கு என்றே அச்சிட்ட 675 செல்லைத்தான் போட வேண்டும், சாதாரண 675 அதற்குத் தாங்காது. ரீசார்ஜ் பேட்டரிக்கு வயதாகும். புதிதில் சாயங்காலம் வரை வந்தது ஓரிரு ஆண்டில் மூன்றாவது பீரியடில் நின்றுவிடலாம். மதியத்துக்கு மேல் பிள்ளை மந்தமாகிறது என்று ஆசிரியர் சொன்னால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்.

பிள்ளை பேட்டரியை விழுங்கிவிட்டால்?

உடனே ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், "தானா வெளிய வந்துரும்" என்று காத்திருக்காதீர்கள். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் அவசரம்தான். சொட்டு மருந்தோ தண்ணீரோ எண்ணெயோ விடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள், வண்டி இல்லையென்றால் 108. சின்னப் பிள்ளைகளின் கருவிக்குப் பேட்டரி கதவில் பூட்டு வைத்துத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். பள்ளியில் ஸ்பேர் பேட்டரி ஆசிரியரின் மேசையிலோ அலமாரியிலோ இருக்கட்டும், பிள்ளையின் பையில் வேண்டாம். தீர்ந்துபோன செல்லையும் மற்ற குழந்தைகள் கையில் படாமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். முதல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தால் மிஸ்ஸின் முகம் தெரியும், ஆனால் பின்னால் பதில் சொல்கிற பிள்ளைகளின் முகம் தெரியாது. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் பேசி முடித்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வரிசையின் ஓரம். மிஸ்ஸும் பக்கம், கொஞ்சம் திரும்பினால் வகுப்பு முழுவதும் தெரியும். நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்கட்டும், சுவர்ப் பக்கம் வேண்டாம். ரோட்டுப் பக்க ஜன்னல், வராந்தா வாசல், ஓடும் மின்விசிறியின் நேர் கீழே ஆகிய மூன்றையும் தவிருங்கள். ஆசிரியரின் முதுகுப் பக்கம் வெளிச்சமான ஜன்னல் இருந்தால் அவர் முகம் இருட்டாகத்தான் தெரியும், அதையும் கவனியுங்கள்.

வாராவாரம் இடம் மாற்றி உட்கார வைக்கும் பள்ளிகள் உண்டு. எல்லோரும் மாறட்டும், இந்தப் பிள்ளை மட்டும் மாற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து செய்யும் குழுவேலை என்றால் நல்லது, எல்லோர் முகமும் தெரியும். ஆனால் ஒரே ஹாலில் நான்கு குழுக்கள் ஒரே நேரத்தில் பேசும்போது இந்தப் பிள்ளைக்கு எதுவுமே கேட்காது. அந்தக் குழுவை மட்டும் மூலைக்கோ வராந்தாவுக்கோ அனுப்பலாம்.

வகுப்பறை இரைச்சலைக் குறைக்க நம்மால் என்ன செய்ய முடியும்? ஏ.சி. ரூமா கேட்க முடியும்?

செலவில்லாமலேயே கொஞ்சம் செய்யலாம். கடகடவென்று ஆடும் மின்விசிறியைப் பழுது பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் போட்டால் டைல்ஸ் தரையில் இழுபடும் கிறீச் சத்தம் போய்விடும். வெறும் சுவரும் டைல்ஸும் எதிரொலிக்கும். துணித் திரை, தெர்மகோல் சார்ட், பாய் எல்லாம் சிறிதளவு உறிஞ்சும். வாசல் கதவைச் சாத்திப் பாடம் நடத்துவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. புதுக் கல்வியாண்டில் எந்த அறை என்று முடிவாகும்போதே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சமையல் கூடத்தையும் ரோட்டையும் விட்டுத் தள்ளி இருக்கும் அறையை ஒதுக்க அப்போதுதான் வழி இருக்கும்.

எஃப்.எம். கருவி என்கிறார்களே, அது தேவையா?

வாங்க முடிந்தால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆசிரியர் ஒரு சின்ன மைக்கை அணிந்துகொள்வார், அது அவர் குரலை நேராகப் பிள்ளையின் கருவிக்கு அனுப்பும். தூரமும் இரைச்சலும் செய்யும் கேட்டைப் பெருமளவு இது ஒன்றே தாண்டிவிடும். இப்போது வருபவை பெரும்பாலும் டிஜிட்டல், ஆனாலும் பழக்கத்தில் எல்லோரும் எஃப்.எம். என்றே சொல்கிறோம். வாங்குமுன் உங்கள் கருவியோடு சேருமா என்று ஆடியாலஜிஸ்ட்டிடம் உறுதி செய்யுங்கள்.

வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். தாலிச் செயினிலோ ஐ.டி. கார்டிலோ உரசினால் பிள்ளையின் காதில் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற பிள்ளை பதில் சொல்லும்போது மைக்கை அவர் கையில் கொடுக்கலாம், அல்லது ஆசிரியர் அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்லலாம். ஸ்டாஃப் ரூமுக்குப் போகும்போது மறக்காமல் ம்யூட் செய்யச் சொல்லுங்கள். அங்கே பேசுவது எல்லாம் பிள்ளைக்குக் கேட்கும், கேட்க வேண்டிய வகுப்புப் பேச்சு கேட்காமல் போகும். பீரியட் மாறும்போது அடுத்த ஆசிரியரிடம் மைக்கைக் கொடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடலாம்.

ஆசிரியராக நான் பேசும் விதத்தில் என்ன மாற்ற வேண்டும்? சத்தமாகப் பேசவா?

சத்தம் வேண்டாம். கத்தினால் குரல் உடைந்து கருவியில் இன்னும் கெடும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதை விட்டுவிட்டு, எழுதி முடித்ததும் திரும்பிப் பேசுங்கள். புதுப் பாடத்தைத் தொடங்கும்போது தலைப்பைப் பலகையில் எழுதிவிடுங்கள். எதைப் பற்றிப் பேச்சு என்று தெரிந்துவிட்டால் பாதி கேட்ட சொல்லையும் பிள்ளை நிரப்பிக்கொள்ளும். வீட்டுப்பாடத்தை வாயால் மட்டும் சொல்லாதீர்கள், அதுவும் மணி அடித்த பிறகு வேண்டவே வேண்டாம்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். இந்தப் பிள்ளைகள் இன்னும் வேகமாக ஆட்டுவார்கள். "நான் என்ன செய்யச் சொன்னேன், சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். அதையும் இந்தப் பிள்ளையிடம் மட்டும் கேட்காமல் இன்னும் இருவரிடம் கேட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

டிக்டேஷனில் மார்க் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

தமிழ் டிக்டேஷன் இவர்களுக்கு மிகவும் கடினம். ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும், ன, ண இரண்டும் காதுக்கு மிக நெருக்கமானவை. அவை வாய்க்குள்ளே நாக்கு செய்யும் வேலை, உதட்டைப் பார்த்தும் தெரியாது. ப, ம இரண்டும் உதட்டில் ஒரே மாதிரி தெரியும். நன்றாகக் கேட்கும் பிள்ளைகளே தடுமாறும் இடத்தில் இவர்களைக் காதை மட்டும் நம்பச் சொல்கிறோம்.

டிக்டேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் நடந்துகொண்டே சொல்லாமல், பிள்ளைக்கு முகம் தெரியும்படி ஓரிடத்தில் நின்று சொல்லுங்கள். தனிச் சொல்லாக இல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். 'பள்ளி' என்று மட்டும் சொன்னால் 'பல்லி'யாகக் கேட்கலாம், 'பள்ளிக்குப் போனேன்' என்றால் குழப்பமில்லை. முதல் நாளே பட்டியலைக் கொடுத்துப் படித்து வரச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பிழை கேட்டதில் வந்ததா, எழுத்துத் தெரியாமல் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். கேட்டதில் வந்த பிழைகளை ஒரு தாளில் குறித்து வீட்டுக்கு அனுப்பினால் தெரபிஸ்ட்டுக்கு அதைவிட உதவியான குறிப்பு கிடையாது.

விளையாட்டு பீரியடில் கழற்ற வேண்டுமா? வியர்வை, மழை?

ஓட்டம், கோகோ, பாட்மின்டன் எல்லாம் மாட்டியபடியே ஆடலாம். ஹெட்பேண்ட், சட்டைக் காலரில் மாட்டும் கிளிப் கயிறு இருந்தால் விழாது. விளையாட்டு மைதானத்தில்தான் விசில் சத்தமும் "இங்க போடு" என்ற கூச்சலும் கேட்க வேண்டும், பி.டி. மாஸ்டர் முன்னெச்சரிக்கை என்று கழற்றிவிட்டால் பிள்ளை விளையாட்டிலிருந்தே விலகிப்போகும். கபடி போன்று மோதி ஆடும் விளையாட்டு என்றால் காக்ளியர் பிள்ளை விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். நீச்சலுக்குக் கழற்ற வேண்டும், அதற்கென உள்ள தண்ணீர் புகாத உறை இருந்தால் வேறு விஷயம்.

வியர்வையும் நம் கடலோர ஊர்களின் புழுக்கமும் கருவிக்கு மெல்லக் கேடு செய்யும். தினமும் இரவு பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் கருவியை வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் அது ஈரத்தை உறிஞ்சி முடித்துவிட்டது, காயவைக்கவோ மாற்றவோ வேண்டும். நனைந்துவிட்டால் ஹேர் டிரையர், அடுப்படி, வெயில் எதுவும் வேண்டாம். துடைத்து, பேட்டரியை எடுத்து, அதே டப்பாவில் வைப்பதே சரி. பள்ளியிலும் ஒரு சின்ன டப்பா இருக்கட்டும்.

பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் விடக்கூடாது என்கிறார்களே?

காக்ளியர் பிள்ளைகளுக்குச் சொல்வது அது. பிளாஸ்டிக் சறுக்கில் உரசி இறங்கும்போது உடலில் நிலைமின்சாரம் சேரும், அது பிராசசரில் பாய்ந்தால் மேப்பைக் கெடுக்கலாம். இப்போதைய கருவிகளில் அந்த ஆபத்து குறைவு, ஆனாலும் ஏறுவதற்கு முன் பிராசசரைக் கழற்றிவிட்டு, இறங்கி ஒரு இரும்புக் கம்பியைத் தொட்ட பிறகு மாட்டுவது நல்லது. பெரிய வகுப்பில் அறிவியல் ஆய்வகத்தில் நிலைமின்சாரம் உண்டாக்கும் வான் டி கிராஃப் இயந்திரம் காட்டும் நாளில் இந்தப் பிள்ளை பக்கத்தில் போகக்கூடாது.

தலையில் அடிபட்டால்?

காக்ளியர் பொருத்திய பக்கம் என்றால் லேசான அடியாக இருந்தாலும் வீட்டுக்கு உடனே போன். அந்த இடம் வீங்கினாலோ, அடிக்குப் பிறகு கேட்கவில்லை என்று பிள்ளை சொன்னாலோ அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அடிபடாவிட்டாலும் காயில் ஒட்டும் இடத்தில் தோல் சிவந்தோ வலித்தோ இருந்தால் காந்தம் அதிக வலுவாக இருக்கலாம், ஆடியாலஜிஸ்ட்டிடம் சொல்லி மாற்றலாம்.

எண்ணெய், பூ, இரட்டைச் சடை: இதெல்லாம் சரியா?

பூ வைக்கலாம், சடையும் போடலாம். காயில் ஒட்டும் இடத்துக்குக் குறுக்கே பின்னலோ ரிப்பனோ வராமல் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுங்கள். தடித்த பின்னல் மேலே வந்தால் காந்தம் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். எண்ணெய்தான் தொல்லை. மைக் துளையிலும் மோல்டிலும் இறங்கி அடைக்கும். காலை அவசரத்தில் வழிய வழியத் தடவாமல் இரவே தடவிவிடுங்கள், காலையில் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் தலை காய்ந்து, சாம்பிராணி போட்டு முடித்த பிறகே கருவி.

வகுப்பில் கிண்டல் செய்கிறார்கள்.

பெரும்பாலும் அது தெரியாததால் வருவது. முதல் வாரத்திலேயே பிள்ளையின் சம்மதத்தோடு வகுப்பாசிரியர் ஐந்து நிமிடம் பேசினால் போதும். இது என்ன, எப்படி வேலை செய்கிறது, ஏன் பிடித்து இழுக்கக்கூடாது, எப்படிக் கூப்பிட வேண்டும் என்பவற்றைச் சொல்லலாம். ஸ்டெத்தோக்ளிப்பில் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்த்தால் ஆர்வம் தீர்ந்துவிடும், அடுத்த நாள் யாரும் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். பிள்ளை "வேண்டாம்" என்றால் வற்புறுத்தாதீர்கள். தெரிந்தே செய்யும் சீண்டல் வேறு. 'செவிடு' என்று கூப்பிடுவதை விளையாட்டுப் பேச்சாக எந்த ஆசிரியரும் விட்டுவிடக்கூடாது.

மதியத்துக்கு மேல் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறான். திட்டலாமா?

முதலில் ஏன் என்று கேளுங்கள். மோல்டு அழுத்திப் புண்ணாகியிருக்கலாம், சத்தம் அதிகமாக வைத்திருக்கலாம், யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். எதுவும் இல்லையென்றால் களைப்பு. நாள் முழுவதும் ஒவ்வொரு சொல்லையும் முயன்று கேட்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை நாம் உணர்வதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் கழற்றிவிட்டுச் சும்மா இருக்க விடுங்கள். அந்த நேரத்திலேயே டியூஷன், தெரபி என்று இழுக்காதீர்கள். பள்ளியிலும் வாய்மொழிப் பாடங்கள் காலையில் இருந்தால் இவர்களுக்கு நல்லது.

எந்த வயதில் தானே பார்த்துக்கொள்ளும்?

வயதைவிடப் பழக்கம் முக்கியம். மூன்று வயதில் "கேட்கல" என்று சொல்லவோ கையால் காட்டவோ கற்றுக்கொடுங்கள், எல்லாவற்றிலும் பெரிய திறமை அது. முதல் வகுப்புக்குள் தானே மாட்டிக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்பில் பேட்டரி மாற்றவும், நான்கு ஐந்தில் மோல்டைத் துடைக்கவும், எஃப்.எம். மைக்கை எடுத்துப்போய்க் கொடுக்கவும் பழகலாம். "மிஸ், எனக்குக் கேட்கல, மறுபடி சொல்லுங்க" என்று வகுப்பில் எழுந்து சொல்ல இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். அப்படிச் சொன்ன பிள்ளையை ஒருமுறை "கவனிச்சா கேட்கும்" என்று உட்கார வைத்துவிட்டால், அது மறுபடி எழுந்திருக்காது.

பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள், அல்லது "சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும் பாகுபாடில்லாமல் சேர்த்து, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதருவதைப் பற்றிப் பேசுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற மாணவர்களுக்குப் பதினெட்டு வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தருவது 17-ஆவது பிரிவில் இருக்கிறது. சண்டையாகத் தொடங்க வேண்டாம், ஆனால் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அரசுப் பள்ளி என்றால் அவர்களை வகுப்புக்கே வரச் சொல்லலாம். யு.டி.ஐ.டி. அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

ஒரு காதில் மட்டும் குறைபாடுள்ள பிள்ளை பல நேரம் அந்த 40 சதவீதத்துக்குள் வராது. ஆனால் வகுப்பறையில் அதற்கும் உண்மையான சிரமம் உண்டு. இடம், இரைச்சல், எழுத்தில் வீட்டுப்பாடம் ஆகியவற்றுக்குச் சான்றிதழ் தேவையில்லை, ஆசிரியரின் மனம் போதும்.

பொதுத்தேர்வில் என்ன சலுகை?

மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்றவை செவித்திறன் குறைந்தவர்களுக்கு உண்டு. சி.பி.எஸ்.இ.யிலும் கூடுதல் நேரமும் மொழிச் சலுகையும் உண்டு. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், கடைசி நேரத்தில் மருத்துவச் சான்றுக்கு அலைய வேண்டாம். மொழி விலக்கை யோசித்து எடுங்கள். நன்றாகத் தமிழ் எழுதும் பிள்ளையிடமிருந்து "உனக்குத்தான் விலக்கு இருக்கே" என்று தமிழைப் பறித்துவிடக் கூடாது. தேர்வறையில் வினாத்தாள் திருத்தத்தை வாயால் மட்டும் அறிவித்தால் இந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது, பலகையில் எழுதும்படி கண்காணிப்பாளரிடம் முன்பே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

கருவி தொலைந்துவிட்டால்?

முதலில் தேடுங்கள்: வேன் சீட்டின் இடுக்கு, சாப்பாட்டுக் கூடத்தின் குப்பைத் தொட்டி, கைகழுவும் இடம், ஸ்வெட்டரின் உள்பக்கம். காக்ளியர் காயிலில் காந்தம் இருப்பதால் இரும்புப் பெஞ்சின் காலிலோ ஜன்னல் கம்பியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கேயும் பாருங்கள். கருவியின் சீரியல் எண்ணையும் பில்லையும் போனில் போட்டோவாக வைத்திருங்கள், இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அவை கேட்பார்கள். புதுக் கருவி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பழைய கருவியை வீட்டில் வைத்திருந்தால் அதைச் சரிபார்த்து மாட்டலாம், தற்காலிகமாக இரவல் தரும் இடம் இருக்கிறதா என்று ஆடியாலஜிஸ்ட்டிடம் அன்றே கேளுங்கள். இடைப்பட்ட நாட்களுக்குப் பாடக் குறிப்புகளை எழுத்தில் தரும்படி ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.